ஸ்டான்லி என்னும் பெயர்

பெயர்கள் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இருவகைப்படும் என்பது நம் இலக்கண நூலார் துணிபு. ஒரு காரணம் பற்றி வழங்குவது முன்னது. காரணம் இன்னதென அறியப்படாது, முன்னோர் இட்டவாறே வழங்குவது பின்னது. கூர்ந்து நோக்குமிடத்து இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேலி அத்துணை உறுதியுடையதன்று. காரணத்தோடு பிறந்த பெயர் காலப்போக்கில் அக்காரணத்தை இழந்து வெறுங்குறியாய் நிற்றலும், வெறுங்குறியாய் வந்தடைந்த பெயர் மக்களுடைய வழக்கால் புதியதொரு காரணத்தைப் பெறுதலும் உலகியலில் நாடோறும் காண்பனவே.

வடசென்னையில் இராயபுரத்தைச் சார்ந்த கல்மண்டபத்துத் தெருவில் விரைந்து செல்லும் ஒருவரை, "எங்கே போகிறீர்கள்?" என்று வினவினால், "ஸ்டான்லிக்கு" என்று விடை வருதல் மிகவும் இயல்பு. அவ்விடை பகர்பவர் காசிமேட்டு மீனவராயிருக்கலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவராயிருக்கலாம். திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் மனைவியாயிருக்கலாம். அவர்க்கு ஸ்டான்லி என்பது ஒரு மனிதரின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயருமன்று. அது மருந்தின் பெயர். நோய் தீரும் என்னும் நம்பிக்கையின் பெயர். எங்கோ தொலைவில் ஒரு சிற்றூருக்கு இடப்பெற்ற பெயர், ஒரு பிரபு குலத்தின் பெயராகி, ஒரு கவர்னரோடு கப்பலேறி, நம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெயராகி, இன்று ஏழை மக்களின் நாவில் குடியிருக்கின்றது. இப்பயணம் எவ்வாறு நிகழ்ந்தது? இப்பெயரை நாம் வைத்துக்கொள்ளல் தகுமா, தகாதா? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு பெயருக்கு மதிப்பு வருவது அதனோடு பிறந்தவரால் அன்று, அதன்கீழ்ச் செய்யப்பெறும் தொண்டினால் என்பதே எமது கொள்கை.

ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயர் என்பது ஆதிகாலந்தொட்டு இருந்த வழக்கமன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே அவ்வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றிற்று. முதலில் நிலமுடைய பெருமக்களும், பின்னர் நகரத்தாரும், இறுதியிற் குடியானவரும் தத்தமக்கு ஒரு பெயரை நிலையாகக் கொண்டனர். ஓரூரில் பத்து ஜான்களும் பத்து வில்லியம்களும் இருப்பின், வரி தண்டுவோன் யாரிடம் தண்டுவான்? அவர்களை வேறுபடுத்திக் காட்ட ஓர் அடைமொழி தேவையாயிற்று. அவ்வடைமொழி தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கியபோது குடும்பப் பெயராயிற்று.

அவ்வடைமொழிகளை அறிஞர் நால்வகையாகப் பகுப்பர். தொழிலால் வந்தவை: ஸ்மித் என்பான் கொல்லன், டெய்லர் என்பான் தையற்காரன். தந்தை பெயரால் வந்தவை: ஜான்ஸன் என்பது ஜானின் மகன் எனப் பொருள்படும். உருவத்தாலும் நிறத்தாலும் வந்தவை: லாங் என்பான் நெட்டையன், பிரௌன் என்பான் பழுப்பு நிறத்தன். ஊரால் வந்தவை: இவையே மிகப் பல.

இது நமக்குப் புதிய செய்தியன்று. சங்கப் புலவர் பெயர்களை நினைவுகூருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தொழிலாற் சிறப்பிக்கப்பெற்றார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் தந்தையோடு சேர்த்துக் கூறப்பெற்றார். நரைமுடி நெட்டையார் தம் தோற்றத்தாற் பெயர் பெற்றார். கோவூர் கிழாரும் ஆலத்தூர் கிழாரும் ஊர்ப்பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றனர். வேறுபாடு ஒன்றேயுண்டு. நம் புலவரின் அடைமொழி அவரோடு நின்றது. ஆங்கிலேயரின் அடைமொழி வழிவழி இறங்கிற்று. கொல்லன் மரபில் வந்த ஸ்மித் இன்று நீதிபதியாயிருப்பினும் ஸ்மித்தே. நெட்டையன் மரபில் வந்த லாங் குறளனாயிருப்பினும் லாங்கே. காரணப்பெயர் இடுகுறியாகும் விதம் இது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. உயர்நீதிமன்றத்தின் அருகேயுள்ள நாற்சந்தியைப் பாரிமுனை என்கிறோம். பறம்புமலைத் தலைவனாகிய பாரி வள்ளலின் நினைவாக இப்பெயர் வந்ததோ என ஐயுறுவாரும் உளர். உண்மையில், 1788-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரின் பெயரே அது. அவர் வேல்ஸ் நாட்டினர். அந்நாட்டு மொழியில் 'ஆப்' என்பது மகன் எனப் பொருள்படும். 'ஆப் ஹாரி', அஃதாவது ஹாரியின் மகன், என்பதே நாளடைவில் நெருங்கிப் பாரி ஆயிற்று. முன்பின் அறியாத ஒரு ஹாரியின் பெயரைச் சென்னையில் எத்துணை ஆயிரம் மக்கள் நாடோறும் தம்மையறியாமலே கூறுகின்றனர்!

இனி ஸ்டான்லிக்கு வருவோம். இது ஊரால் வந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்பது கல். 'லேயா' என்பது காட்டை வெட்டித் திருத்திய வெளி. இரண்டும் சேர்ந்து கல் நிறைந்த வெளியைக் குறிக்கும். தமிழிற் கூறின் 'கல்வெளி' எனலாம். இங்கிலாந்தில் இப்பெயருடைய ஊர்கள் பலவுள. அவற்றுள் ஸ்டஃபோர்டுஷயரிலுள்ள சிற்றூரின் பெயரையே பிற்காலத்திற் புகழ்பெற்ற ஸ்டான்லி குடும்பத்தார் கொண்டனர். ஈற்றிலுள்ள 'லி' என்னும் அசை வேறு பல பெயர்களிலும் வருதல் காணலாம். ஆஷ்லி என்பது ஆஷ் மரங்கள் நின்ற வெளி. பிராட்லி என்பது அகன்ற வெளி. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் குடும்பப் பெயர் மேற்கு வெளி எனப் பொருள்படும். வெஸ்லி என்று பெயரிடப்பெற்ற தமிழ் இளைஞர் எத்தனையோ பேருளர். தம் பெயருக்கு 'மேலவெளியார்' என்பதே பொருள் என்பதை அறிந்தால் அவர்கள் வியப்புறுவர். தஞ்சைத் தரணியில் தம் பாட்டனார் ஊர்ப்பெயர் போலவே அது அமைந்திருத்தல் கண்டு மகிழவும் கூடும்.

ஈண்டு ஓர் அழகிய பொருத்தத்தைக் குறிப்பிடாமல் விடுதல் இயலாது. ஸ்டான்லி என்பதிற் கல் உண்டு. அவ்வாஸ்பத்திரிக்கு அருகிலுள்ள கல்மண்டபத்தின் பெயரிலும் கல் உண்டு. இராயபுரம் என்பது படகுத் தொழிலார் எடுத்த இராயப்பர் ஆலயத்தால் வந்த பெயர் என்பர். இராயப்பர் என்று கத்தோலிக்கர் போற்றும் அப்போஸ்தலருக்குக் கிரேக்க மொழியில் பெத்ரு என்று பெயர். அதற்குப் பாறை என்பது பொருள். தமிழ்க் கல், கிரேக்கப் பாறை, ஆங்கிலக் கல்வெளி ஆகிய மூன்றும் ஒரு மைல் வட்டத்துள் அடங்கிக் கிடக்கின்றன. யாரும் திட்டமிட்டு அமைத்ததன்று இது. எனினும், அயல்மொழிப் பெயரென்று நாம் ஒதுக்குவதன் உள்ளே நமக்கு அறிமுகமான பொருளே இருத்தல் கூடும் என்பதை இஃது உணர்த்தும்.

இப்பெயரைத் தாங்கியோருள் முதன்மையானவர் டெர்பி பிரபுக்கள். 1485-ஆம் ஆண்டில் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னனும் ஹென்றி டியூடரும் பொருதபோது, தாமஸ் ஸ்டான்லி எப்பக்கமும் சேராது தம் படையோடு ஒதுங்கி நின்றார். அவர் தம்பி வில்லியம் ஸ்டான்லியின் படை இறுதி வேளையில் ஹென்றியின் பக்கம் பாய்ந்தது, ரிச்சர்டு மாண்டான். களத்திற் கிடைத்த முடியை எடுத்து ஹென்றியின் தலையிற் சூட்டியவர் தாமஸே என்பது மரபு வழிச் செய்தி. அவ்வாண்டிலேயே அவர் டெர்பி பிரபு ஆக்கப்பெற்றார். வீரத்தைக் காட்டிலும் காலமறிந்து ஒழுகியதனால் வந்த ஏற்றம் அது. அதே தம்பி வில்லியம் பத்தாண்டுகள் கழித்து அரச துரோகம் செய்தாரெனக் கொலைத் தண்டனை பெற்றார். ஒரே பெயர், ஒரே இரத்தம். ஒருவர் பிரபு, மற்றொருவர் குற்றவாளி.

அம்மரபில் வந்த பன்னிரண்டாம் பிரபுவின் பெயரால் 1780-இல் எப்ஸம் என்னுமிடத்தில் தொடங்கிய குதிரைப் பந்தயமே உலகெங்கும் 'டெர்பி' எனப்படும் பந்தயங்களுக்கு மூலமாயிற்று. பதினான்காம் பிரபு மும்முறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியானவர். அவர் குடியேற்ற நாடுகளின் மந்திரியாயிருந்த 1833-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் முன்னின்று நடத்தினார். ஹோமரின் இலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புலமையும் அவர்க்குண்டு. தென் அட்லாண்டிக் கடலிலுள்ள பாக்லாந்துத் தீவுகளின் தலைநகர் அவர் பெயரால் வழங்குவது. அவருடைய மூத்த மைந்தர், கம்பெனி ஆட்சி முடிந்த 1858-ஆம் ஆண்டில், இந்தியா மந்திரி என்னும் புதிய பதவியை முதன்முதல் ஏற்றவர். இளைய மைந்தர் பிரெடரிக், கானடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்து, 1892-இல் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டத்திற்கு ஒரு கிண்ணம் வழங்கினார். ஸ்டான்லி கிண்ணம் என்று அது இன்றும் வழங்கப்பெறுகின்றது. அந்தப் பிரெடரிக்கின் மைந்தருள் ஒருவரே நம் சென்னைக்குக் கவர்னராக வந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி.

நிற்க. இக்குலத்திற் பிறவாது இப்பெயரை எடுத்துக்கொண்ட ஒருவர், பிறந்தோர் அனைவரினும் மிகுதியாக உலகிற் பேசப்பட்டார். 1841-இல் வேல்ஸ் நாட்டு டென்பி என்னும் ஊரிற் பிறந்த ஜான் ரௌலண்ட்ஸ் என்னும் சிறுவன், தாய் தந்தையரால் கைவிடப்பட்டு, ஏழையர் விடுதியில் வளர்ந்தான். இளமையிலேயே அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வணிகர் ஒருவரின் பெயரைத் தனதாக்கிக்கொண்டான். அவனே ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. பத்திரிகைக்காரராகிய அவர், ஆப்பிரிக்காவிற் செய்தியற்றுப்போன மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனைத் தேடிச் சென்று, 1871-இல் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜியில் கண்டார். அங்கே சந்தித்த இருவர் பெயரையும் ஆராய்தல் சுவை பயக்கும். லிவிங்ஸ்டன் என்பதை 'உயிருள்ள கல்' எனப் பிரித்துப் பிரசங்கம் செய்வாருண்டு. ஆனால் அது லெவிங் என்பவனின் குடியிருப்பு எனப் பொருள்படும் ஸ்காத்லாந்து ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அதிற் கல்லே இல்லை. கல் இருந்தது ஸ்டான்லியின் பெயரில். அதுவும் இரவலாக வாங்கிய பெயரில்!

அக்கல் பின்னர் வேறொரு பொருளையும் பெற்றது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பொருட்டுக் காங்கோ நாட்டிற் பாதை வகுத்தபோது பாறைகளை உடைத்துச் சென்றமையால், அந்நாட்டு மக்கள் அவரைப் 'புலா மத்தாரி', அஃதாவது பாறையுடைப்போன், என்றழைத்தனர். அப்பாதையின் வழியே வந்தது நல்லாட்சியன்று. இரப்பர் பால் எடுக்கும்படி மக்களை வதைத்துக் கொன்று குவித்த கொடுங்கோன்மையே 1885 முதல் 1908 வரை அங்கே நடந்தது. பாறையுடைப்போன் என்னும் பெயர் ஒரு மனிதனை விட்டு அவ்வரசாங்கத்திற்கே பெயராயிற்று. 1904-இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கஞ் செய்ய இடம் மறுக்கப்பட்டது. காங்கோ நாடு விடுதலை பெற்ற பின், அவர் பெயரால் வழங்கிய ஸ்டான்லிவில் நகரம் 1966-இல் கிஸாங்கானி ஆயிற்று. அவர் பெயரைச் சுமந்த அருவியும் வேறு பெயர் பெற்றது. காங்கோ மக்கள் அப்பெயரை அழித்ததில் யாதொரு தவறுமில்லை என்போம். அவர்களுடைய புண்ணின்மேல் எழுதப்பட்ட பெயர் அது.

இதற்கு நேர் மாறாக, வெண்டல் மெரிடித் ஸ்டான்லி என்னும் அமெரிக்க விஞ்ஞானியை நோக்குங்கள். புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸை 1935-இல் படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் அவர். 1946-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசில் பங்கு பெற்றவர். கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமியை ஆராய்ந்தறியும் துறைக்கு அவர் அடிகோலினார். அரியணைக்கு ஆள் வைத்தவரும், அடிமைச் சட்டத்தை ஒழித்தவரும், கொடுங்கோலனுக்குப் பாதை வகுத்தவரும், நோயின் இயல்பறிந்தவரும் ஒரே பெயரினர். ஆகவே பெயரில் ஒரு குணமும் இல்லை. அது வெறும் பாத்திரம். அதில் அமுதமும் வார்க்கலாம், நஞ்சும் வார்க்கலாம்.

சென்னைக்கு வந்த ஸ்டான்லியின் கதை என்ன? அவர் 1929-ஆம் ஆண்டு நவம்பர் திங்களிற் கவர்னர் பதவியேற்று, 1934-ஆம் ஆண்டு நவம்பர் வரை இம்மாகாணத்தை ஆண்டார். அவர் காலத்தை இரண்டு கண்களாலும் நோக்குதல் வேண்டும். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து சென்று உப்பெடுத்தார். அவரும் அவருடன் சென்ற தொண்டர் பலரும் சிறைப்பட்டனர். தொண்டர்க்கு உணவளிப்போரையும் தண்டிப்போம் என அதிகாரிகள் அச்சுறுத்தியது அந்நாளில்தான். அவையனைத்தும் அக்கவர்னரின் ஆட்சியில் நிகழ்ந்தவை. மறுபுறம், 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது. அதன் நீர்த்தேக்கத்திற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயரிட்டனர். அதே 1934-இல் இராயபுரத்தை அடுத்த மருத்துவப் பள்ளிக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. 1938-இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார்.

இங்கே ஒரு புதுமையைக் காணுங்கள். ஒரே மனிதரின் பெயர் ஒரே ஆண்டில் இரண்டிடங்களில் இடப்பட்டது. 120 அடி வரை நீர் தேக்கிக் காவிரிக் கழனிகளை வளர்க்கும் அவ்வணையை இன்று எந்த உழவராவது ஸ்டான்லி என்கின்றாரா? இல்லை. "மேட்டூரில் நீர் திறந்தார்களா?" என்றே கேட்பர். ஸ்டான்லி என்பது அங்கே ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டும் நிற்கின்றது. இராயபுரத்திலோ, எழுத்தறியாத பாட்டியும் அப்பெயரை எளிதாகச் சொல்லுகின்றார். அரசாங்கம் இரண்டு பெயர்களையும் ஒரே மையினால் எழுதிற்று. மக்கள் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்துக்கொண்டனர். பெயரிடுதல் அதிகாரத்தின் செயலாயிருக்கலாம். பெயரை வாழவைத்தல் மக்களின் செயலேயாம்.

வழக்கின் வன்மையை நம் நகரத்தின் மற்றொரு பழைய கதையும் விளக்கும். ஹாமில்டன் என்பவரின் பெயரைச் சுமந்த பாலம், தமிழர் நாவில் அம்பட்டன் வாராவதி ஆயிற்றென்றும், அதனை மீண்டும் ஆங்கிலப்படுத்தியவர் நாவிதர் பாலம் எனப் பொருள்படும் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றனர் என்றும் கூறுவர். பிரபுவின் பெயரும் தெருவில் இறங்கிவிட்டால் தெருவின் நாவுக்கே உரியதாகும்.

மேலும் ஸ்டான்லி என்னும் பெயருக்கு முன்பே அவ்விடத்திற்கு ஒரு பெயருண்டு. ஹைதர் அலி கர்நாடகத்தின்மேற் படையெடுத்த காலத்தில் ஊர்கள் பாழாகிப் பஞ்சம் வந்தது. 1782-இல், பட்டினியால் நகரத்திற்கு ஓடிவந்தவர்க்குக் கஞ்சி வார்க்க ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்னும் அப்பெயரை ஆங்கிலேயர் 'மனிகர்' என்று திரித்தனர். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அதனைச் சார்ந்து ஏழையர்க்கு மருத்துவ விடுதி நிறுவினார். கஞ்சி வார்த்த தொட்டியின் நினைவால் மக்கள் அதனைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்தனர். இப்பெயரைக் காட்டிலும் உண்மையான காரணப்பெயர் வேறு எங்குண்டு? பிரபுவின் பெயர் சூட்டப்பெறுமுன், பசியின் பெயரே அவ்விடத்தை ஆண்டது.

ஸ்டான்லி என்னும் பெயர் அங்கே நிலைபெற்றது, அந்தக் கஞ்சித் தொட்டியின் தொண்டு தொடர்ந்து நடந்தமையாலேயே. துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த வடசென்னையில், இயந்திரத்திற் கை நசுங்கியோரும் விரல் இழந்தோரும் பலர். அவர்கள் பொருட்டு டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் அங்கு வளர்த்த கை அறுவைச் சிகிச்சைப் பகுதி, நாடெங்கும் நற்பெயர் பெற்றது. கையே முதலாகக் கொண்டு பிழைப்பவர்க்குக் கையைத் திருப்பித் தருதல் குடும்பத்தையே திருப்பித் தருதலன்றோ? அக்கையைப் பெற்றுச் சென்றவர் "ஸ்டான்லியில் சரியாயிற்று" என்று கூறும்போது, அவர் டெர்பி பிரபுவைப் புகழவில்லை. வெங்கடசாமி போன்றோரையும், இரவில் விழித்திருந்த மாணவ மருத்துவரையும், கட்டுக்கட்டிய தாதியரையும் ஒருசேரப் புகழ்கின்றார். இடுகுறியாய் வந்த பெயர் காரணப்பெயரானது இங்ஙனமே.

இதற்குத் தடை கூறுவோர் இருதிறத்தர். ஒருசாரார், "நம்மை அடிமைப்படுத்தி ஆண்டோரின் பெயர் நம் பொது நிலையங்களில் ஏன் இருத்தல் வேண்டும்? அழித்துவிடுக" என்பர். அவர்களுடைய உணர்ச்சியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. வேதாரணியத்தை மறந்தவனுக்கு நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை. காங்கோவில் நிகழ்ந்த மாற்றத்தை நாமும் நேர் என்றோம். ஆயினும் இரண்டிடங்களும் ஒத்தனவல்ல. அங்கே அப்பெயரைத் தாங்கியவரே நாட்டைப் பிறர்க்கு ஒப்புவித்த தொழிலில் முன்னின்றார். மக்கள் அப்பெயரை அச்சத்தோடு கூறினர். இங்கே மக்கள் அப்பெயரை நம்பிக்கையோடு கூறுகின்றனர். அதை அழிப்பதால் கவர்னருக்கு ஓர் இழப்பும் இல்லை. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தன. இழப்பு, தம் வாழ்க்கையின் துன்பநாட்களை அப்பெயரோடு சேர்த்து நினைக்கும் ஏழை மக்களுக்கே. தவிரவும், ஆட்சி மாறுந்தோறும் பெயரை மாற்றும் பழக்கம், பலகை எழுதுபவனுக்கு வேலை தருமேயன்றி, நோயாளிக்கு ஒரு படுக்கையும் கூடுதலாகத் தராது.

மற்றொரு சாரார், "பிரபு குலத்துப் பெயர், ஆங்கிலப் பெயர், ஆகையாற் பெருமையுடையது" என்று மகிழ்வர். இவர்கள் மயக்கம் முன்னோர் மயக்கத்தினும் தீது. தம் பிள்ளைக்கு ஸ்டான்லி என்றோ வெஸ்லி என்றோ பெயரிடும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. அன்பினாலும் நன்றியினாலும் இட்ட பெயர் எம்மொழியினதாயினும் நன்றே. அவ்வாஸ்பத்திரியிற் பிழைத்துப் பிறந்த குழந்தைக்கு அப்பெயரையே இடுவார் உளராயின், அதனினும் தக்க காரணம் வேண்டுமோ? ஆனால் ஒலி இனிது, ஆங்கிலம் போன்றது என்பதற்காகமட்டும் ஒரு பெயரைச் சூட்டி, அதன் பொருள் யாதெனப் பிள்ளை வினவும்போது வாளாவிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. "இது கல்வெளி என்னும் ஊரின் பெயர், உழுது திருத்திய குடியானவர் இட்டது" என்று கூறத் தெரிந்திருத்தல் வேண்டும். பிரபுவுக்கு முன்னே அந்நிலத்திற் கல் பொறுக்கியவன் ஒருவன் இருந்தான். பெயரின் முதல் உரிமை அவனுடையது.

இப்பெயர் தமிழர் கையில் மற்றொரு மாற்றத்தையும் அடைந்துள்ளது. இங்கிலாந்தில் ஸ்டான்லி என்பது குடும்பப் பெயர். நம்மிடையே அது பிள்ளைக்கிடும் பெயர். தமிழன் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தன் பெயரை எழுதுகின்றான். ஆகவே ஸ்டான்லி என்பவரின் மகனுக்கு அப்பெயர் 'எஸ்.' என்னும் ஓரெழுத்தாய்ச் சுருங்கும்; பேரனிடத்தில் அவ்வெழுத்தும் மறையும். பிரபு குலத்தில் ஐந்நூறாண்டுக்கு மேல் நீளும் பெயர், நம்மிடையே இரண்டு தலைமுறையோடு முடிந்து, அடுத்தவனுக்கு இடம் விடுகின்றது. இம்முறையைச் சிலர் குறையென்பர், நாம் நிறையென்போம். கவர்னர் ஸ்டான்லி சென்னைக்கு வந்த அதே 1929-ஆம் ஆண்டின் பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டம் சேர்த்தெழுதுதலை ஒழிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. பிறப்பின் மூட்டையைப் பெயரின்மேல் ஏற்றலாகாது என்னும் அக்கருத்து, தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் வழக்காயிற்று. பெயரைக் கேட்டவுடன் இவன் இன்ன குலத்தான் என்றறியும் நிலை நீங்குவது நன்றே. அங்ஙனம் நீங்கிய பின்னர், ஒருவன் பெயருக்குப் பெருமை தேட வேண்டுமாயின், அவன் செயலன்றி வேறு வழியில்லை.

ஆகலின் எமது வேண்டுகோள் இரண்டேயாம். ஒன்று, ஸ்டான்லி என்னும் பெயர் இருக்கட்டும். அதனோடு கஞ்சித் தொட்டி என்னும் பெயரையும் நாம் மறவாதிருப்போம். அக்கல்லூரியிற் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவர்க்கும், கவர்னரின் கதையைச் சொல்லும்போதே, 1782-இன் பஞ்சத்தையும், கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தையும் சொல்லுதல் வேண்டும். அரசாங்கம் தந்த பெயரும் பசித்தோர் தந்த பெயரும் அருகருகே நிற்குமாயின், எது எதனைத் தாங்குகின்றது என்பதை மாணவர் தாமே உணர்வர்.

மற்றொன்று, நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரின் பொருளையும், தாம் வாழும் தெருவின் பெயர் வரலாற்றையும் ஒருமுறையேனும் ஆராய்ந்து காணுதல் வேண்டும். வடமொழிப் பெயராயினும், தமிழ்ப் பெயராயினும், எபிரெய, அரபு, ஆங்கிலப் பெயராயினும் அவ்வாராய்ச்சி பயன் தரும். முதியோரை வினவுங்கள், அகராதியைப் புரட்டுங்கள், கல்வெட்டைப் படியுங்கள். தன் பெயரின் பொருளை அறிந்தவன் அயலான் பெயரை இகழான். அதன் பொருளும் தன்னுடையதைப் போலவே ஊரோ, தொழிலோ, தந்தையோ, கல்லோ, மரமோ என்பதைக் காண்பான்.

கல்வெளி என்னும் பெயரை முதலில் இட்ட உழவன் யாரென்று வரலாறு கூறவில்லை. அப்பெயர் போரிற் பட்டதும், பந்தயத்திற் பட்டதும், காங்கோவின் இரத்தத்திற் பட்டதும், நம் இராயபுரத்து மருந்தறையில் வந்து ஓய்ந்ததும் அவன் அறியான். நம் பெயர்களும் நாளை எங்கெங்கே செல்லும், யார் நாவில் வாழும் என்பதை நாமும் அறியோம். அவை செல்லுமிடத்தில் ஒரு நோயாளியேனும் நம்பிக்கையோடு அவற்றை உச்சரிக்குமாறு வாழ்தல் ஒன்றே நம் கையிலுள்ளது.